ஒடுங்கிய எழுத்தின் நிறையும் குறையும்

சுவரொட்டியின் அகலமோ குறைவு. அச்சிட வேண்டிய சொல்லோ நீளம். எழுத்தைச் சிறிதாக்கினால் தொலைவிலிருந்து தெரியாது. இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தவையே ஒடுங்கிய எழுத்துகள். ஆங்கில அச்செழுத்துகளில் இவ்வகையைச் சேர்ந்த ‘ஓனிக்ஸ்’ என்பதை இங்கே ஆராய்வோம். அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக ஜெரி பவல் 1937இல் இதை உருவாக்கினார்.

இதன் எழுத்துகள் உயரமானவை. அகலம் மிகக் குறைந்தவை. செங்குத்துக் கோடுகள் தடித்திருக்கும். அவற்றை இணைக்கும் கோடுகளும், முனைகளில் உள்ள ‘செரிஃப்’ எனும் சிறு குறுக்குக் கோடுகளும் மயிரிழைபோல் இருக்கும்.

இத்தகைய வேற்றுமைக்கு வழி திறந்தது தாளும் மையும்தான். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாஸ்கர்வில், வழவழப்பான தாளில் நல்ல மையைக்கொண்டு மெல்லிய கோடுகளையும் தெளிவாக அச்சிட்டார். இத்தாலியின் போடோனியும் (1740–1813) பிரான்சின் டிடோ குடும்பத்தாரும் அவ்வழியில் மேலும் முன்னேறினர். ஓனிக்ஸ் அந்த மரபின் வழித்தோன்றலே.

பெரிய அளவில் இதன் அழகு மறுக்க முடியாதது. குறைந்த இடத்தில் ஒரு சொல்லைக் கருமையாக, கம்பீரமாக நிறுத்துகிறது. 1989இல் வெளிவந்த ‘ப்ளீச்’ இசைத்தட்டின் அட்டையில் நிர்வாணா குழுவின் பெயர் இவ்வெழுத்தில்தான் அமைந்தது. ஒரே சொல், பெரிய அளவு: இதற்கு ஏற்ற வேலை இதுவே.

இதையே பத்தி பத்தியாகப் படிக்கும் எழுத்தாக்கினால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் பார்ப்போம். 72 புள்ளி எழுத்தில் மயிரிழையின் தடிப்பு 0.5 மி.மீ. என்று கொள்வோம். 9 புள்ளிக்குச் சுருக்கினால் அது எட்டில் ஒரு பங்காகி, ஏறக்குறைய 0.06 மி.மீ. ஆகிவிடும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இடும் அச்சுப்பொறியில் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவே சுமார் 0.085 மி.மீ. அதனால் கோடு அறுபடுகிறது. அல்லது தாறுமாறாகத் தடிக்கிறது. எஞ்சுவது தடித்த செங்குத்துக் கோடுகளின் வரிசையே. ‘மினிமம்’ என்ற ஆங்கிலச் சொல் வேலிக்கம்பிபோல் தோன்றும்.

பழைய உலோக அச்சில் ஒவ்வோர் அளவுக்கும் எழுத்தைத் தனித்தனியே வெட்டினர். சிறிய எழுத்தில் மயிரிழையைச் சற்றுத் தடிப்பாக்க முடிந்தது. ஒரே வடிவத்தைப் பெருக்கியும் சுருக்கியும் பயன்படுத்தும் முறை வந்தபோது இந்த நுட்பம் பெரிதும் மறைந்தது. 1994இல் வெளிவந்த ‘ஐ.டி.சி. போடோனி’ இதை மீட்டது. 6, 12, 72 புள்ளிகளுக்கென மூன்று வடிவங்கள் அதில் உண்டு.

ஆகவே குற்றம் ஓனிக்ஸின்மீது அன்று, இடமறியாமல் பயன்படுத்துவோர்மீதே. தேர்வு விதிகளையோ மருந்துப் புட்டியின் எச்சரிக்கையையோ இதில் அச்சிடுவது அழகின் பெயரால் படிப்பவருக்குச் செய்யும் தீங்கு. ஐயமிருப்பின் ஒரே பத்தியை இத்தகைய எழுத்தில் 48 புள்ளியிலும் 9 புள்ளியிலும் அச்சிட்டு, மங்கிய விளக்கொளியில் படித்துப் பாருங்கள். உங்கள் கண்ணே தீர்ப்பளிக்கும்.