இசைத்தட்டும் இசைத்திறமும்

கருவியை வாசிப்பவரை இசைவாணர் என்று உலகம் ஐயமின்றி ஒப்புக்கொள்கிறது. பிறர் பாடியும் வாசித்தும் பதிந்து வைத்த இசைத்தட்டைச் சுழலவிடுபவரை அப்பெயரால் அழைக்கலாமா என்னும் இடத்தில்தான் கருத்து வேறுபாடு எழுகிறது. டிஜே எனப்படும் இசைத்தட்டுக் கலைஞர் நடன அரங்கிலும் திருமண மண்டபத்திலும் இன்று நிலையான இடம் பெற்றுவிட்டார். ஆயினும், வயலின் வாசிப்பவருக்கு உள்ள இசைத்திறம் இவருக்கும் உண்டா என்று கேட்டால் ஒரு சாரார் நகைக்கின்றனர். மற்றொரு சாரார் சினம் கொள்கின்றனர். நகைப்பும் ஆராய்ச்சி அன்று. சினமும் ஆராய்ச்சி அன்று.

2019ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஸ்டாக்ஹோம் நகரில் பொலார் இசைப் பரிசு வழங்கப்பட்டது. அவ்வாண்டு அதனைப் பெற்றவர்களுள் ஒருவர், ஜெர்மானிய வயலின் மேதையான ஆனி சோபி முட்டர். மற்றொருவர், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்த கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் என்னும் டிஜே. வில்லும் இசைத்தட்டும் ஒரே மேடையில் ஒரே பரிசைப் பெற்றன. பரிசு வழங்கியோர் தங்கள் தீர்ப்பைக் கூறிவிட்டனர். ஆனால் பரிசு ஒரு தீர்ப்பேயன்றிக் காரணம் ஆகாது. காரணத்தைத் தேடிக் காண்பது திறனாய்வின் கடமை.

மறுப்போர் கூற்று

டிஜேக்கு இசைத்திறம் இல்லை என்போர் கூறுவனவற்றுள் வலுவுள்ளவை மூன்று. முதலாவது, ஒலியைப் பிறப்பித்தல் பற்றியது. வயலினில் வீணைக்குள்ளதுபோல் மெட்டுகள் இல்லை. விரல் நூலிழை பிறழ்ந்தாலும் சுருதி பிறழ்ந்துவிடும். வில்லின் அழுத்தத்திலும் விரைவிலும் நாதத்தின் இனிமை அடங்கியுள்ளது. ஒவ்வொரு சுரமும் கலைஞரின் கையில் அப்பொழுதே பிறக்கிறது. இசைத்தட்டிலோ சுருதியும் நாதமும் முன்னரே அமைந்து கிடக்கின்றன.

இரண்டாவது, பயிற்சி பற்றியது. முட்டர் 1977ஆம் ஆண்டில், தம் பதின்மூன்றாம் வயதில், சால்ஸ்பர்க் நகரில் ஹெர்பர்ட் வான் கராயன் நடத்திய இசைக்குழுவுடன் தனிக்கலைஞராக வாசித்தார். அத்தகைய அருஞ்செயலுக்குப் பின்னே ஓர் இளமைப் பருவம் முழுவதும் சாதகமாகக் கழிந்திருக்கிறது. இசைத்தட்டைச் சுழற்ற இத்துணைக் காலம் வேண்டுமோ என்று வினவுகின்றனர்.

மூன்றாவது, உரிமை பற்றியது. தட்டில் உள்ள பாட்டு நன்றாக இருந்தால் கேட்போர் மகிழ்கின்றனர். சமைத்தவர் ஒருவர், பரிமாறியவர் வேறொருவர். பரிமாறியவர் சமையலுக்கான புகழை எங்ஙனம் கேட்கலாம் என்பது அவர்கள் வாதம்.

இவற்றுள் முதல் வாதத்துக்கு மறுமொழி கிடையாது. அது முழுதும் உண்மை. நாதத்தைத் தோற்றுவிக்கும் திறத்தில் வயலின் கலைஞருக்கு டிஜே நிகராகார். இதனை மறைத்துப் பேசும் ஆதரவாளர் தம் வழக்கைத் தாமே கெடுத்துக்கொள்கின்றனர். ஆனால் இசைத்திறம் என்பது நாதத்தோடு முடிந்துவிடுவது அன்று. காலமும் செவியும் அதில் அடங்குவன. ஏனைய இரு வாதங்களையும் மதிப்பிட, டிஜேயின் கை செய்யும் வேலையை அருகிருந்து காண வேண்டும்.

கையும் காலமும்

1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், பிராங்ஸ் பகுதியில் செட்ஜ்விக் சாலையின் 1520ஆம் எண் கட்டடத்தில் ஒரு விருந்து நடந்தது. அங்கு இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்தவர் கூல் ஹெர்க் என்னும் இளைஞர். ஆடுவோர் எப்பகுதிக்காகக் காத்திருக்கின்றனர் என்பதை அவர் கூர்ந்து கவனித்தவர். பாட்டும் பிற கருவிகளும் ஓய்ந்து, முரசு வகைகள் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளே அவை. கச்சேரியில் வரும் தனி ஆவர்த்தனத்தோடு அதனை ஒருவாறு ஒப்பிடலாம். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை இரண்டு சுழல்தட்டுகளில் வைத்து, ஒன்று முடியும்போது மற்றொன்றைத் தொடங்கி, அச்சில விநாடிகளை நீட்டுவது ஹெர்க் கண்ட வழி. ஆனால் அவர் தட்டு மாறும் இடத்தில் தாளம் இடறியது.

அவ்விடறலை நீக்கியதே பிளாஷின் சாதனை. தொழிற்பள்ளியில் மின்னணுவியல் பயின்ற அவர், அவையோர் கேட்கும் தட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த தட்டைத் தாம் மட்டும் ஹெட்போன் வழியே கேட்க ஒரு விசையை அமைத்துக்கொண்டார். சுழலும் மேடைக்கும் தட்டுக்கும் நடுவே வழுக்கும் துணிவட்டம் ஒன்றை இட்டார். தட்டின்மேல் வண்ணக்கோலால் குறியிட்டு, வேண்டிய இடத்தைக் கண்ணால் கண்டு பிடித்தார்.

இதன் நுட்பத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நெடுந்தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்வது. ஆகவே ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி ஆகும். முரசுப் பகுதி பத்து விநாடி நீளுமானால், அது ஏறத்தாழ ஐந்தரைச் சுற்று. வலத்தட்டு அப்பத்து விநாடியை ஒலித்து முடிப்பதற்குள் இடத்தட்டை ஐந்தரைச் சுற்றுப் பின்னே திருப்பி, தொடக்கத்தைச் செவியால் உறுதிசெய்து, தாளத்தின் முதல் அடி விழும் கணத்தில் கையை விட வேண்டும். பிறகு வலத்தட்டைப் பின்னே திருப்ப வேண்டும். இதனை ஒருமுறை செய்வது வியப்பன்று. ஆடுவோர் ஒருவரும் உணராவண்ணம் இருபது முறை தொடர்ந்து செய்வதே வியப்பு.

இரு வேறு பாடல்களை இணைக்கும்போது இடர் பெருகுகிறது. ஒன்று நிமிடத்துக்கு 120 தாள அடியும், மற்றொன்று 120½ அடியும் கொண்டதாகட்டும். வேறுபாடு அரை அடிதான். ஆனால் இரண்டையும் ஒருங்கே ஒலிக்கவிட்டால் ஒரு நிமிடத்தில் அரை அடி விலகி, ஒன்றின் அடி மற்றொன்றின் இடைவெளியில் விழும், இசை இரைச்சலாகும். ஆகவே விலகல் தொடங்கும்போதே அதனைச் செவி கண்டுகொள்ள வேண்டும். விரல் திருத்த வேண்டும்.

இங்குச் சுருதியும் குறுக்கிடுகிறது. 1979இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே. 2 என்னும் சுழல்தட்டில் வேகத்தை நூற்றுக்கு எட்டுப் பங்கு கூட்டவும் குறைக்கவும் இயலும். நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பங்கு கூட்டினாலே பாட்டின் சுருதி அரைச்சுரம் உயர்ந்துவிடும். காலத்தைத் திருத்தப் போனால் சுருதி மாறும். எந்தப் பாட்டு எவ்வளவு மாற்றத்தைத் தாங்கும், மாறிய சுருதியில் எதனோடு எது ஒட்டும் என்பதை அறிய இசைச்செவி இன்றியமையாதது. பயிற்சி வேண்டுமோ என்னும் இரண்டாம் வாதத்துக்கு இதுவே விடை.

ஏழு நிமிடச் சான்று

உரிமை பற்றிய மூன்றாம் வாதத்துக்கு ஒரு படைப்பைச் சான்றாகக் கொள்வது நலம். 1981ஆம் ஆண்டில் சுகர்ஹில் நிறுவனம் ‘தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் ஆன் தி வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’ என்னும் தட்டை வெளியிட்டது. ஏறத்தாழ ஏழு நிமிடம் நீளும் இப்படைப்பு முழுவதும் பிற தட்டுகளைக் கொண்டே ஆக்கப்பட்டது. நாடாவை வெட்டி ஒட்டாமல், கையால் ஒரே ஓட்டமாக நிகழ்த்திப் பதிந்தது. பிழை நேர்ந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதே.

சீக் குழுவின் 1979ஆம் ஆண்டுப் பாடலான ‘குட் டைம்ஸ்’ இதன் முதுகெலும்பு. அதில் பெர்னார்டு எட்வர்ட்ஸ் வாசித்த பேஸ் கிட்டாரின் நடை புகழ்பெற்றது. குவீன் குழு 1980இல் வெளியிட்ட ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’ பாடலின் பேஸ் நடை தம்முடையதிலிருந்து பிறந்தது என்று எட்வர்ட்ஸ் கூறியதுண்டு. பிளாஷ் இவ்விரண்டையும் ஒரே ஓட்டத்தில் அடுத்தடுத்து நிறுத்துகிறார். தாயையும் மகவையும் அருகருகே நிறுத்தினால் முகஒற்றுமை விளங்குவதுபோல், இரண்டின் உறவும் கேட்போர் செவிக்கு விளங்கிவிடுகிறது. எழுத்தில் பல பத்தி வேண்டிய ஓர் ஒப்பாய்வைக் கை சில விநாடிகளில் செய்து முடிக்கிறது.

புளோண்டி குழுவின் ‘ராப்ச்சர்’ பாடலில் பிளாஷின் பெயர் சொல்லப்படும் இடம் ஒன்று உண்டு. அவ்விடத்தை அவர் எடுத்து, மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து, தம் வருகையை அறிவிக்கும் கட்டியக் குரலாக மாற்றிக்கொள்கிறார். மூலப்பாட்டில் பாராட்டாக இருந்தது இங்குத் தாளமாகிறது. வேறோரிடத்தில், கதை கேட்கும் குழந்தையின் குரல் நடனத் தாளத்தை நிறுத்தி மூச்சுவிட வைக்கிறது. இவை எவையும் மூலத்தட்டுகளில் இல்லாத பொருள்கள். சேர்க்கையால் பிறந்தவை. ஆகவே பரிமாறும் உவமை இப்படைப்புக்குப் பொருந்தாது.

ஆயினும் புகழ்ச்சிக்கு எல்லை வேண்டும். ஏழு நிமிடமும் ஏறத்தாழ ஒரே நடையில் செல்கின்றன. பண் வளர்ச்சி இல்லை. ஒரு மெட்டு விரிந்து மலர்ந்து முடியும் இன்பம் இல்லை. சில இடங்களில் பேச்சொலியின் வேடிக்கை இசையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தாளக் கலையாக நிறைந்தது, பண் கலையாகக் குறைந்தது என்பதே இத்தட்டுக்குரிய நேர்மையான மதிப்பீடு.

தண்ணுமையும் தொகைநூலும்

இம்மதிப்பீட்டிலேயே வழக்கின் தீர்வு அடங்கியுள்ளது. டிஜேயை வயலினோடு நிறுத்தி அளப்பது பொருந்தா அளவை. முழவோடு நிறுத்தி அளப்பதே பொருத்தம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலாசான் முதல் யாழாசிரியன் வரை ஒவ்வொருவர்க்கும் வேண்டிய தகுதியைத் தனித்தனியே வகுக்கிறது. அவற்றுள் தண்ணுமை முழக்குவோனுக்குக் கூறப்படும் தகுதி சிந்திக்கத்தக்கது. யாழும் குழலும் மிடறும் இசைப்பதைக் கேட்டு, குறைந்த இடத்தை நிரப்பவும் மிகுந்த இடத்தைத் தணிக்கவும் அவன் வல்லவனாக இருத்தல் வேண்டும். பண்ணைத் தோற்றுவிப்பது அவன் தொழில் அன்று. ஆயினும் அவனை இசைவாணர் வரிசையிலிருந்து இளங்கோவடிகள் நீக்கவில்லை. பிறர் இசையைக் கேட்டுக் கேட்டு, தக்க கணத்தில் கூட்டியும் அடக்கியும் நடத்தும் திறம் பண்டே இசைத்திறமாக மதிக்கப்பட்டது. கையால் தட்டை ஆளும் டிஜேயின் திறம் அவ்வினத்தைச் சேர்ந்தது.

பிற்காலத்தார் இத்திறத்தை மேலும் வளர்த்தனர். தட்டை முன்னும் பின்னும் தேய்த்து ஒலியெழுப்பும் ஸ்கிராட்ச் முறை 1970களில் பிறந்தது. கேப்ரியல் புரோகோஃபியேவ் 2006இல் சுழல்தட்டுக்கும் இசைக்குழுவுக்குமாக ஒரு கொன்செர்ட்டோ இயற்றினார். 2011இல் அது லண்டனில் பி.பி.சி. புரோம்ஸ் விழாவிலும் ஒலித்தது. இசைக்குழுவின் நடுவே தனிக்கலைஞராக நின்று, எழுதிய காலத்தில் எழுதிய ஒலியைத் தருவது, கருவி வாசிப்போர்க்குரிய தேர்வேயாகும். அத்தேர்வில் சுழல்தட்டும் அமர்ந்துவிட்டது.

ஆனால் டிஜே என்னும் பெயர் தாங்கிய அனைவர்க்கும் இப்பெருமை உரியது அன்று. இன்றைய கணினிக் கருவிகளில் ‘சிங்க்’ என்னும் பொத்தான் உண்டு. அதனை அழுத்தினால் பொறியே இரு பாடல்களின் தாளத்தைப் பொருத்திவிடும். சுருதி மாறாமல் வேகத்தை மாற்றும் வசதியும் உண்டு. முன்னரே முழுதாகக் கலந்து பதிந்த இசையை ஒலிக்கவிட்டு, மேடையில் கையசைத்து நிற்கவும் இயலும். அங்கு எஞ்சுவது தேர்வு ஒன்றே. தேர்வும் எளிதன்று. எந்நேரத்தில் எப்பாட்டு அவையை எழுப்பும் என்று அறிய, நிறையக் கேட்டிருக்க வேண்டும். அவையின் முகக்குறிப்பையும் படிக்க வேண்டும். சங்கப் பாடல்களைத் தொகைநூல்களாகத் தொகுத்தோரைத் தமிழுலகம் நன்றியோடு நினைக்கிறது. எனினும் அவர்களைத் தொகுத்தோர் என்றே சொல்கிறது. பாடினோர் என்று சொல்வதில்லை. பொத்தானை நம்பும் டிஜேக்கும் தொகுத்தோர் என்னும் மதிப்பு உண்டு. அதற்கு மேல் கேட்பது முறையன்று.

இதே அளவுகோல் கருவி வாசிப்போர்க்கும் பொருந்தும் என்பதை மறத்தலாகாது. தாளத்தைப் பொறியிடம் ஒப்படைத்து, பதிந்த இசைக்கு விரலசைப்பவர், கையில் கிட்டார் இருப்பதனால் மட்டும் இசைவாணர் ஆகிவிடமாட்டார். பிழை செய்யக்கூடிய இடத்தில் கலைஞர் நிற்கிறாரா என்பதே கேள்வி. அவர் கை தவறினால் அவை உடனே உணருமானால், அங்குத் திறம் உண்டு. தவறவே இடமில்லையெனில், அங்குத் திறத்துக்கும் இடமில்லை.

இஃது ஏட்டுக் கேள்வி மட்டும் அன்று. 1975ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் நியூயார்க் நகரப் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேலை இழந்தனர். இசை வகுப்புகளும் பெரிதும் சுருங்கின. வயலினும் ஆசிரியரும் எட்டாத அத்தெருக்களில், பழைய தட்டும் பழுதுபார்த்த மின்கருவியும் கொண்டு இளைஞர்கள் ஓர் இசையைக் கண்டனர். கருவி கிட்டாதவர்களை நோக்கி, கருவி இல்லையாதலின் நீங்கள் இசைவாணர் அல்லர் என்று கூறுவது, ஒருமுறை இழந்ததை இரண்டாம் முறையும் பறிப்பதாகும். அதே வேளையில், இரக்கத்தால் மதிப்பெண் வழங்குவதும் கலைக்கு இழுக்கு. பிளாஷ் போன்றோர் இரக்கத்தை வேண்டி நிற்கவில்லை. இருபது முறை இடறாமல் தட்டு மாற்றிய கையே அவர்களுக்குச் சான்று.

வயலினுக்கு நிகரான நாதத்திறம் டிஜேக்கு இல்லை. முழவுக்கு நிகரான காலத்திறம் நல்ல டிஜேக்கு உண்டு. ஒருவரை எவ்வரிசையில் அமர்த்துவது என்பதை அவர்முன் உள்ள கருவியின் பெயரைக் கொண்டு முடிவுசெய்தல் ஆகாது. அவர் செவி என்ன கேட்கிறது, கை என்ன செய்கிறது என்பதைக் கொண்டே முடிவுசெய்தல் வேண்டும்.