ஒன்றாம் வகுப்பு வாத்தியாருக்கு எவ்வளவு படிப்பு வேண்டும்?

1967 மே மாதம் இத்தாலியில் ஒரு சின்னப் புத்தகம் வந்தது. எழுதியவர்கள் எட்டுப் பையன்கள். ஃப்ளாரன்ஸ் நகருக்கு வடகிழக்கே முகெல்லோ மலைப்பக்கம் இருக்கிற பார்பியானா என்ற குக்கிராமத்தில், லொரென்ஸோ மிலானி என்ற பாதிரியார் நடத்திய பள்ளியின் மாணவர்கள். புத்தகம் வந்த அடுத்த மாதமே மிலானி இறந்துபோனார். ‘ஒரு டீச்சருக்கு எழுதிய கடிதம்’ என்று உலகம் முழுக்கப் பேசப்பட்ட அந்தப் புத்தகம் தமிழிலும் வந்துவிட்டது. கல்வி பற்றிப் பேசுகிற எல்லாரும் அதைச் சொல்வார்கள். எதற்காக? பிள்ளைகளை ஃபெயிலாக்கக் கூடாது என்பதற்காக.

அது புத்தகத்தின் ஒரு பாதிதான். இன்னொரு பாதியை நாம் ஏனோ வேகமாகப் புரட்டிவிடுகிறோம். அந்தப் பாதி தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஆவதற்கு என்ன படிக்க வேண்டும், அதை யார் முடிவு செய்வது என்பதைப் பற்றியது.

கடிதம் எழுதுகிற பையன் எங்கே ஃபெயிலானான்? ‘மஜிஸ்த்ராலே’ என்ற பள்ளியில். அன்றைக்கு இத்தாலியில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக பல்கலைக்கழகப் பட்டம் தேவையில்லை. நடுநிலைப் படிப்பு முடிந்ததும் மஜிஸ்த்ராலேயில் நான்கு வருஷம் படித்து டிப்ளமா வாங்கினால் போதும். பதினெட்டு வயதிலேயே வகுப்பெடுக்கத் தகுதி வந்துவிடும். பையன் ஆசைப்பட்டது அதற்குத்தான்.

இங்கே மொழிபெயர்ப்பில் தொலைந்துபோகிற ஒரு விஷயம் இருக்கிறது. இத்தாலிய மொழியில் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு ஒரு சொல், மேல்வகுப்பு ஆசிரியருக்கு வேறு சொல். முதலாமவர் ‘மயெஸ்த்ரோ’, பெண் என்றால் ‘மயெஸ்த்ரா’. பட்டம் வாங்கி மேல்வகுப்புக்குப் பாடம் எடுப்பவர் ‘ப்ரொஃபெஸ்ஸொரெஸ்ஸா’. கடிதம் போவது இந்த இரண்டாமவருக்கு. தமிழில் இருவருமே ‘டீச்சர்’ ஆகிவிடுவதால் சண்டையின் முனை மழுங்கிவிடுகிறது. பட்டம் வாங்கிய ஒருவர், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆசைப்பட்ட விவசாயி வீட்டுப் பையனை வாசலிலேயே நிறுத்திவிட்டார். புத்தகத்தின் கோபம் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அந்தக் கோபம் கண்மூடித்தனமானது இல்லை. கட்டாயக் கல்வியில் யாரையும் ஃபெயிலாக்காதே என்று சொல்கிற அதே பையன்கள், ஆசிரியர் பயிற்சி என்று வரும்போது வேறு மாதிரிப் பேசுகிறார்கள். அங்கே வேண்டுமானால் ஃபெயிலாக்கிக்கொள்ளுங்கள், ஆனால்... என்று இழுக்கிறார்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுத வைக்கப் போகிறவரைச் சோதிக்க ஊருக்கு உரிமை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறார்கள். எதில் சோதிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. லத்தீன், பழைய காவியங்களின் கரடுமுரடான மொழிபெயர்ப்பு, உடற்பயிற்சி வகுப்பில் கூடைப்பந்து. மலைக்கிராமத்துப் பையன் கூடைப்பந்தை எங்கே கண்டான்?

புத்தகம் எனக்கு ரொம்பப் பிடித்தது என்றாலும் அதோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. பார்பியானாவில் பெரிய பையன்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், அது நடந்தது. ஏன் நடந்தது? மிலானி என்ற ஒரு மனுஷன் காலையிலிருந்து ராத்திரி வரை, லீவே இல்லாமல் அங்கேயே கிடந்தார். ஆசிரியர்கள் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்தால் நல்லது என்கிற அளவுக்குக்கூடப் புத்தகம் போகிறது. இது துறவிகளுக்கான திட்டம். ஒரு நாட்டுக்கு வேண்டிய லட்சக்கணக்கான ஆசிரியர்கள் துறவிகளாக இருக்க மாட்டார்கள். மாலையில் வீட்டுக்குப் போக நினைக்கிற சாதாரண மனிதர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் நன்றாகப் பாடம் எடுக்க நல்ல பயிற்சி வேண்டும். மிலானி கிடைக்காத ஊர்களுக்காகத்தான் பயிற்சியே.

இத்தாலி கடைசியில் அந்த வழியில்தான் போனது. 1990-ல் வந்த சட்டம் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும் என்றது. படிப்பு 1998-ல் தொடங்கியது, முதலில் நான்கு வருஷம். 2011-லிருந்து ஐந்து வருஷம், முதுகலைக்குச் சமம். பள்ளிகளில் மட்டும் 600 மணி நேரப் பயிற்சி. இதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பது பதினாறு வயதுப் பிள்ளைக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பதைவிடச் சுலபமான வேலை என்ற நினைப்புக்கு ஒரு நாடு சட்டம் போட்டு மறுப்புச் சொல்லியிருக்கிறது. பட்டத்தின் அளவில் மயெஸ்த்ராவும் ப்ரொஃபெஸ்ஸொரெஸ்ஸாவும் ஒரே படியில் நிற்கிறார்கள்.

ஆனால் வாசல் என்னவானது? படிப்பில் சேர நுழைவுத்தேர்வு உண்டு, இடங்களுக்கும் வரம்பு உண்டு. பதினெட்டில் சம்பளம் வாங்கியிருக்கக்கூடியவர் இருபத்துநான்கு வரை படிக்க வேண்டும். கட்டணத்தைக்கூட எப்படியாவது கட்டிவிடலாம், நகரத்தில் ஐந்து வருஷம் தங்கிச் சாப்பிட வேண்டுமே. லத்தீன் போய்விட்டது, அந்த இடத்தில் காலம் காவலுக்கு நிற்கிறது. பழைய டிப்ளமாக்காரர்கள் கதை இன்னும் கசப்பு. 2001-02 வரை வாங்கிய டிப்ளமா செல்லும் என்று விதி இருக்கிறது. அதை வைத்துப் பல வருஷம் தற்காலிகமாக வேலை பார்த்தவர்கள் நிரந்தரப் பணிக்கான பட்டியலில் இடம் கேட்டு நீதிமன்றம் போனார்கள். 2017 டிசம்பரில் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. அடுத்த மாதமே வேலைநிறுத்தம். பாடம் எடுக்கத் தகுதி உண்டு, நிரந்தரமாக எடுக்கத்தான் வரிசை இல்லை என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்?

இந்தப் புத்தகத்தை இப்போது நாம் மறுபடி வாசிக்க ஒரு காரணம் இருக்கிறது. அதே வாசலுக்கு நாமும் வந்துகொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் தொடக்க வகுப்பு எடுப்பவர் ‘இடைநிலை ஆசிரியர்’, மேலே ‘பட்டதாரி ஆசிரியர்’, அதற்கும் மேலே ‘முதுகலைப் பட்டதாரி ஆசிரியர்’. பிள்ளை வளர வளர வாத்தியாரின் பெயரும் வளர்கிறது. 2018-ல், பி.எட். படித்தவர்களும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுக்கலாம், வேலையில் சேர்ந்த பிறகு ஆறு மாதப் பயிற்சி போதும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் சொன்னது. பட்டம் பெரியதாக இருந்தால் சின்ன வகுப்பு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தொடக்க வகுப்புக்கு அதற்கென்றே உள்ள இரண்டு வருஷ டிப்ளமாதான் தகுதி என்றது. பெரிய பட்டமும் பொருத்தமான பட்டமும் ஒன்றில்லை என்பதை அன்றைக்கு நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதற்கிடையில், 2030-க்குள் குறைந்தபட்சத் தகுதி நான்கு வருஷ ஒருங்கிணைந்த பி.எட். ஆக வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை.

நான்கு வருஷம் வரட்டும், நான் எதிர்க்கவில்லை. ப்ளஸ் டூ முடித்து, இரண்டு வருஷ டிப்ளமாவோடு தன் ஊர்ப் பள்ளிக்கே திரும்பலாம் என்று கணக்குப் போடுகிற ஒரு பெண்ணுக்கு அந்தக் கூடுதல் இரண்டு வருஷத்துக்கான பணத்தை யார் கொடுப்பார்கள்? அந்த நான்கு வருஷத்தில் எத்தனை நாள் அவர் நிஜமான பிள்ளைகளோடு தரையில் உட்காருவார்? அவருக்கு மார்க் போடுகிற பேராசிரியர் கடைசியாக எப்போது ஒன்றாம் வகுப்புக்குள் போனார்? இதற்கெல்லாம் பதில் இல்லாமல் வருஷத்தை மட்டும் கூட்டினால், பார்பியானாப் பையனை நிறுத்திய அதே கதவுக்கு நாம் புதுப் பெயிண்ட் அடிக்கிறோம், அவ்வளவுதான்.

புத்தகம் கையில் இருந்தால், இந்த முறை இரண்டாம் பகுதியிலிருந்து வாசிக்க ஆரம்பியுங்கள்.