திருப்பிச் சொல்லிவிட்டால் போதுமா?

வாக்குவாதம் நடக்கும்போது, எதிராளி சொன்னதை அவரே 'ஆமாம், அதைத்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொன்ன பிறகே நம் பதிலைத் தொடங்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1951-இல் ஓர் உரையில் முன்வைத்த யோசனை இது. 1957-இல் ரிச்சர்ட் ஃபார்சனுடன் சேர்ந்து அவர் எழுதிய சிறு நூல், இப்படிக் கவனித்துக் கேட்கும் முறையைத் தொழில் நிறுவனங்களுக்கும் கொண்டுபோனது. இன்று பேச்சுத்திறன் வகுப்புகளில் இது பாலபாடம்.

இதன் பலம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு சின்னப் பேச்சில் பார்க்கலாம். மாத்திரை வேண்டாம் என்கிறார் அம்மா. "மாத்திரை பிடிக்கல, அப்படித்தானேம்மா?" என்கிறான் மகன். "பிடிக்காம என்னப்பா, போட்டா பகலெல்லாம் தூக்கமா வருது. அடுப்படியில நிக்கவே பயமா இருக்கு." மகன் புரிந்துகொண்டது தப்பு. ஆனால் அதை அவன் வாய்விட்டுச் சொன்னதால்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் வெளியே வந்தது. நாம் திருத்தப்படுவதற்கு இடம் கொடுப்பதே இம்முறையின் உயிர் என்பேன்.

அந்த இடத்தை அடைத்துவிட்டு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டால் கிளிப்பிள்ளைப் பேச்சுதான் மிஞ்சும். 'உங்கள் சிரமம் புரிகிறது' என்ற வாடிக்கையாளர் சேவைக் குரல், நாம் சொல்லி முடிப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுகிறது. 1966-இல் எம்.ஐ.டி.யின் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற கணினி நிரலை வெளியிட்டார். ரோஜர்ஸ் பாணி ஆலோசகரைப் போல, தட்டச்சு செய்ததையே கேள்வியாக மாற்றித் திருப்பிக் கேட்கும். அதற்கு எதுவும் புரியாது. அது உருவாவதை மாதக்கணக்கில் பார்த்திருந்த வைசன்பாமின் செயலாளரே, அதனுடன் தனியாகப் பேச வேண்டும் என்று அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். கேட்கப்படுவதற்கு மனிதர்கள் எவ்வளவு ஏங்குகிறார்கள் என்பது அதில் தெரிகிறது. அந்த ஏக்கத்தை வெறும் வாக்கிய அமைப்பால் ஏமாற்றிவிட முடியும் என்பதுதான் எனக்குக் கவலை.

இன்னொரு குறை, ஆலோசகரின் அறைக்குப் பொருந்துவதை வீட்டுச் சண்டைக்கும் அப்படியே பொருத்துவது. ஆலோசகரிடம் வருபவர் மூன்றாம் மனிதரைப் பற்றிக் குறைப்படுகிறார். வீட்டிலோ குற்றம்சாட்டப்படுபவரே கேட்பவர். அந்தச் சூட்டில் பொறுமையாகத் திருப்பிச் சொல்வது எத்தனை பேரால் முடியும்? ஜான் காட்மனும் சக ஆய்வாளர்களும் 130 புதுமணத் தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், தம்பதிகள் சண்டையில் இப்படிப் பேசிக்கொள்வதே அபூர்வமாக இருந்தது. மணவாழ்வு நிலைக்குமா என்பதை முன்கூட்டிச் சொல்லவும் அது உதவவில்லை. மனைவி பேச்சை மென்மையாகத் தொடங்குவதும், மனைவியின் கருத்துக்குக் கணவன் இடம் கொடுப்பதுமே உதவின.

ஆனால் அந்த இடம் கொடுத்தல் ரோஜர்ஸ் விட்டுவிட்ட விஷயமல்ல. அடுத்தவரை உண்மையாகவே புரிந்துகொண்டால் நாமே மாறிப்போக நேரலாம், அதற்குத் துணிச்சல் வேண்டும் என்று அந்த 1951 உரையிலேயே அவர் எச்சரித்தார். பயிற்சி வகுப்புகள் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு அந்தத் துணிச்சலைக் கைவிட்டுவிட்டன.