செங்கம் சாலையில் மடிக்கணினி

பெங்களூருவிலிருந்து கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாக நண்பர்களோடு காரில் வந்தால், திருவண்ணாமலை ஊருக்குள் நுழையும் முன்பே ரமணாசிரமம் வந்துவிடும். வேலை பார்த்துக்கொண்டே ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல தங்கல் எனக்குத் தெரியாது. பகலெல்லாம் அறையில் ஆன்லைன் மீட்டிங். சன்னலுக்கு வெளியே மயில் அகவும். மாலையில் மடிக்கணினியை மூடிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு 14 கிலோமீட்டர் கிரிவலம். நடக்க நடக்க மலை வடிவம் மாறிக்கொண்டே வரும். ஆசிரமத்துப் பக்கம் பார்த்த மலையா இது என்று அடி அண்ணாமலையில் நின்றுவிடுவோம். அந்த வியப்புக்காகவே நடக்கலாம். வேலையோடு இங்கு வந்தவர்கள் முன்பும் உண்டு: ரமணரைச் சந்தித்த ஆங்கிலேயப் பத்திரிகையாளர் பால் பிரண்டனின் நூல் 1934-ல் வெளியானது. காரில் வருகிறவர்கள் பௌர்ணமியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்று வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள்.