நகையும் அழுகையும்

நல்ல படத்தைப் பற்றி எழுதுவது எளிது. மோசமான படத்தைப் பற்றி எழுதுவது அதனினும் எளிது. ஆனால், நாலு பேர் கூடிச் சிரிப்பதற்கென்றே பார்க்கும் படம் என்று ஒரு வகை உண்டு. அதைப் பற்றி எழுதுவதுதான் கடினம். ஏனெனில், அங்கே ஆராய வேண்டியது படத்தை மட்டும் அன்று. பார்க்கின்ற நம்முடைய சிரிப்பையுந்தான்.

சென்ற டிசம்பர் விடுமுறையில், மழை விடாது பெய்த ஒரு மாலைப் பொழுதில், நீண்ட நாள் நண்பர்களாகிய நாங்கள் ஐவர் ஒரு வீட்டில் கூடியிருந்தோம். தேநீரும் முறுக்கும் வந்தன. ‘எ கிறிஸ்துமஸ் பிரின்ஸ்’ என்னும் அமெரிக்கப் படத்தைப் பார்ப்பதென்று முடிவாயிற்று. அது 2017-ஆம் ஆண்டு நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. அலெக்ஸ் ஸாம் இயக்கியது. ரோஸ் மெக்ஐவரும் பென் லாம்பும் தலைமை வேடம் ஏற்றது. 2018-லும் 2019-லும் அதன் தொடர்ச்சியாக இரண்டு படங்கள் வந்துவிட்டன என்றால், அதற்கு இருந்த வரவேற்பை அறியலாம்.

கதை இதுதான். நியூயார்க்கில் பணிபுரியும் ஆம்பர் என்னும் இளம் பத்திரிகையாளர், ஆல்டோவியா என்னும் கற்பனை நாட்டின் இளவரசன் ரிச்சர்டைப் பற்றிச் செய்தி திரட்டச் செல்கிறாள். அரண்மனையில் அவளைச் சிறிய இளவரசிக்குப் பாடஞ்சொல்ல வந்த ஆசிரியை என்று தவறாக எண்ணிவிடுகிறார்கள். அவளும் அந்த வேடத்தை ஏற்றுக்கொள்கிறாள். பனியும் குதிரையும் ஓநாயும் தத்தம் பங்கைச் செய்கின்றன, காதல் பிறக்கிறது. ருமேனியாவில் சினாயா என்னும் மலை நகரிலுள்ள பெலெஷ் மாளிகைதான் அந்த அரண்மனையாகக் காட்சி தருகிறது. மாளிகை மெய், நாடு பொய். படத்தின் இயல்பையே இந்த ஒரு செய்தி சொல்லிவிடும்.

நாங்கள் சிரித்தோம். வாய்விட்டுச் சிரித்தோம். அடுத்த காட்சி என்ன என்று முன்கூட்டியே சொல்லுபவருக்கு ஒரு முறுக்கு அதிகம் என்று பந்தயமும் வைத்தோம். தட்டு விரைவில் காலியாயிற்று.

நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்திருக்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். வந்தவள் யார் என்று ஒருவரும் தீர விசாரிக்காத அரண்மனையைக் கண்டு நாங்கள் சிரித்தது பேதைமை பற்றிய நகை. சிறுமியின் குறும்பைக் கண்டு சிரித்தது இளமை பற்றியது. ஆயினும், பெரும்பகுதி எள்ளலே என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். படத்தை மட்டும் எள்ளவில்லை. இதைப் பார்த்து உருகுவோரையும் சேர்த்தே எள்ளினோம். இதில் நாங்கள் தனியரும் அல்லர். இப்படத்தைப் பதினெட்டு நாள் நாள்தோறும் பார்த்த 53 பேர் இருப்பதாகவும், அவர்கள் மனத்தைப் புண்படுத்தியவர் யாரோ என்றும் 2017 டிசம்பரில் வெளிப்படையாகக் கேலி செய்தது, படத்தை வெளியிட்ட அந்த நிறுவனமே அன்றோ!

இந்நிலையில் கதை திரும்பியது. ரிச்சர்ட் பெற்ற பிள்ளை அல்லன், எடுத்து வளர்த்த பிள்ளை என்பது வெளிப்படுகிறது. உறவினன் ஒருவன் அதைக் காட்டி அரியணையைக் கவரப் பார்க்கிறான். முடிசூட்டும் வேளையில், மறைந்த அரசர் விட்டுச்சென்ற ஓக் கொட்டை வடிவிலான கிறிஸ்துமஸ் அணிபொருளுக்குள் ஒரு தாள் கிடைக்கிறது. ரிச்சர்டே உரிய வாரிசு என்று அரசர் எழுதிவைத்த ஆணை அது. எல்லாம் சுபம்.

“கொட்டைக்குள் அரசாங்கம்!” என்றார் ஒரு நண்பர். மற்றவர்கள் கைகொட்டினோம். எங்களுள் மூத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. அக்கா என்றே அவரை அழைப்பது எங்கள் வழக்கம். சற்று நேரங்கழித்து அவர் கேட்டார்: “அந்தத் தாள் கிடைக்காமலே போயிருந்தால், அவன் அந்தத் தாய்க்கு மகன் இல்லையா?”

அக்கா சீனக் குடும்பத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாகவே தமிழ்க் குடும்பத்தில் வளர வந்தவர். அந்நாளில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இப்படி எத்தனையோ குழந்தைகள் நம் வீடுகளில் வளர்ந்தார்கள் என்பது வாசகர் அறிந்ததே. இதை நாங்கள் எல்லாரும் அறிவோம். ஆனால் அன்று மறந்திருந்தோம். “பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள். அம்மாவிடம் ஒருநாள் அழுதேன். அவர் தாள் எதையும் காட்டவில்லை, தலைவாரிப் பூ வைத்துவிட்டார்” என்றார். அவர் கண்ணில் நீர் இருந்தது. அழுகைக்குத் தொல்காப்பியர் கூறும் நான்கனுள் முதலாவது இளிவு. அதாவது பிறரால் இகழப்படுதல். ஒருவருடைய எள்ளல் மற்றொருவருக்கு இளிவாகும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அக்காவின் கேள்வியே இப்படத்திற்கு ஏற்ற திறனாய்வு என்பேன். இப்படத்தின் குறை பனியும் அன்று, முத்தமும் அன்று. எடுத்து வளர்த்த பிள்ளை பிள்ளைதானா என்னும் பெரிய வினாவை எழுப்பிவிட்டு, அதற்கு அன்பைக் கொண்டு விடை கூறாமல் ஆவணத்தைக் கொண்டு விடை கூறியதே அதன் குறை. தாயின் அன்பைக் காட்டுகிறது கதை. ஆனால், அதைக் கதையே நம்பவில்லை. “அரியணைக்குச் சட்டச் சான்று வேண்டாமா? தந்தை அதை எழுதி வைத்ததும் அன்பினால்தானே?” என்று ஒரு நண்பர் வாதாடினார். நியாயமே. ஆனால், அன்பினால் எழுதியவர் அதை ஏன் ஒளித்து வைக்கவேண்டும்? ஒளித்தது அரசர் அல்லர். கதையை முடிக்க வழி தேடிய கதாசிரியர்.

இவ்வகைப் படங்களே இப்படித்தான் என்று தள்ளிவிடவும் கூடாது. 1940-இல் எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் இயக்கிய ‘தி ஷாப் அரௌண்ட் தி கார்னர்’ படமும் கிறிஸ்துமஸ் காதற் கதையே. புடாபெஸ்ட் நகரில் ஒரே கடையில் வேலைசெய்யும் இருவர், நேரில் சண்டையிட்டுக்கொண்டே, ஒருவரையொருவர் அறியாமல் கடித வழியே காதலிக்கிறார்கள். முடிவு நமக்கு முன்பே தெரியும். ஆயினும் படம் நிற்கிறது. மனைவியின் துரோகத்தால் நொந்து உயிரை விடத் துணிந்து காப்பாற்றப்பட்ட கடை முதலாளி, பண்டிகைக்கு முதல்நாள் இரவு பனியில் தனியே நிற்கிறார். தம்முடன் உணவருந்த யாரும் இல்லை. புதிதாக வந்த எடுபிடிப் பையனும் அந்நகரில் தனியன் என்றறிந்து, அவனை விருந்துக்கு அழைத்துச் செல்கிறார். அங்கே தாளும் இல்லை, ஆணையும் இல்லை. பசித்த ஒரு பையனும் தனித்த ஒரு முதியவருமே இருக்கிறார்கள். உறவு அங்கே பிறந்துவிடுகிறது.

எளிய படம் என்பது குற்றம் அன்று. எளிய படமும் மெய்யான துயரத்தைத் தொடலாம். தொட்டால் அதற்கு மெய்யான ஆறுதலைத் தரவேண்டும். இது படம் எடுப்போருக்கு. கூடிச் சிரிக்கும் நமக்கோ வேறொரு பாடம் உண்டு: சிரிக்குமுன் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மழை விட்டபின் அக்காவே சொன்னார்: “அடுத்த பாகத்தையும் போடுங்கள். இந்தத் தடவை நானும் சிரிக்கிறேன்.” போட்டோம், சிரித்தார். அச்சிரிப்பில் எள்ளல் இல்லை.