தமிழ்க் கிறித்தவக் காப்பியங்களில் உயிர்ப்பும் மீட்பும் – கோலார் தங்கவயல் சார்ந்த ஒரு வாசிப்பு

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் சிலுவைப்பாட்டைச் சுற்றியே அமைந்துள்ளன. கையறுநிலையும் புலம்பலும் ஆழ வேரூன்றிய ஒரு மொழியில் இது வியப்பிற்குரியதன்று. ஆயினும் கிறித்தவ நம்பிக்கை கல்லறையோடு முடிவதில்லை. இயேசு உயிர்த்தெழுந்தார் என்னும் அறிக்கையே அதன் அடித்தளமாகும். மீட்பு என்பது உடலைத் துறந்து ஆன்மா விண்ணகம் சேர்வதா, உடலும் உடன் எழுவதா என்னும் வினாவை முன்வைத்து, இரட்சணிய யாத்திரிகம், தேம்பாவணி ஆகிய இரு காப்பியங்களை இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது. உடலுழைப்பால் உருவான கோலார் தங்கவயலின் தமிழ்ச் சூழல் இவ்வாசிப்பிற்குக் களமாகிறது.

பவுலின் வாதம்

கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 15ஆம் அதிகாரத்தில் பவுல் இவ்வினாவிற்கு விடை கூறுகிறார். இறந்தோர் எழுவதில்லை எனின் கிறித்துவும் எழவில்லை. கிறித்து எழவில்லை எனின் நற்செய்தி அறிவிப்பும் நம்பிக்கையும் வீண். பாவக்கட்டும் அவிழவில்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம். சிலுவை மட்டும் நின்று, உயிர்ப்பு இல்லையெனில் மீட்பு நிறைவுறாது. நிலத்தில் புதையுண்ட விதை புதிய உருவோடு முளைப்பதை அவர் உவமையாக்குகிறார். விதைக்கப்படுவதும் உடல், எழுவதும் உடலே. ஆன்மாவின் அழியாமையைப் பேசும் கோட்பாடுகளினின்று இக்கருத்து வேறுபடுவது ஈண்டு நோக்கத்தக்கது.

சொல்லும் பொருளும்

பழைய கத்தோலிக்க வழக்கில் இதனைச் சுட்டச் 'சரீர உத்தானம்' என்னும் தொடர் வழங்கியது. உத்தானம் என்றால் எழுதல். சீர்திருத்தச் சபையார் 'உயிர்த்தெழுதல்' என்றனர். இன்றைய கத்தோலிக்க வழக்கில் 'உயிர்ப்பு' பெருவழக்காக உள்ளது. 'உயிர்' என்னும் அடிச்சொல் ஆன்மாவை மட்டுமே நினைவூட்டக்கூடும் என்பது மெய்யே. ஆயின் உயிர்த்தல் என்பதற்கு மூச்சுவிடுதல் என்னும் பொருளும் தமிழில் உண்டு. நெட்டுயிர்ப்பு என்னும் சொல்லாட்சி இதற்குச் சான்று. மூச்சுக்கு உடல் வேண்டும். யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் உயிர்த்த இயேசு சீடர்மீது ஊதுகிறார். தம் காயங்களையும் காட்டுகிறார். எழுந்த உடலில் தழும்புகள் மறையவில்லை.

யாத்திரிகத்தின் பாதை

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி, ஐந்து பருவங்களில் இரட்சணிய யாத்திரிகத்தை இயற்றினார். அந்நூல் 1894இல் வெளிவந்தது. கிறித்தவக் கம்பர் என அவர் போற்றப்படுவதற்குச் சிலுவைப்பாட்டைப் பாடிய பகுதியின் உருக்கமும் ஒரு காரணம். காப்பியத்தின் கதைப்போக்கோ ஒரு பயணமாகும். நாசபுரியை விட்டு நீங்கும் ஆன்மா இடர்களையும் மரண ஆற்றையும் கடந்து விண்ணகர் புகுகிறது. பனியனின் மூலத்தில் பயணிகள் அழியக்கூடிய ஆடைகளை அவ்வாற்றிலேயே விட்டுச் செல்கின்றனர். உடல் உயிர்ப்பை இம்மரபு மறுப்பதன்று. எனினும் கதையின் விசை வெளியேற்றத்தை நோக்கியது; மீட்பு என்பது இவ்வுலகை நீங்குதல் என்னும் எண்ணமே வாசகர் மனத்தில் எஞ்சுகிறது.

தேம்பாவணியின் நிறைவு

வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726) 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. இதன் தலைவன் தச்சுத் தொழிலாளியாகிய வளன் (சூசை). மரபுப்படி அவன் இயேசுவின் பாடுகளுக்கு முன்பே இறந்துவிடுகிறான். காப்பியம் அவ்விறப்போடு முடியவில்லை. அதன் நிறைவுப் பகுதியில் உத்தான படலமும் முடிசூட்டு படலமும் அமைகின்றன. கிறித்துவின் உயிர்ப்பு தலைவனின் நிறைவுக்கு வழி திறக்கிறது. உழைத்த மனிதன் முடி பெறுகிறான். கிறித்துவின் எழுகை பிறர் எழுகைக்கு முதற்கனி என்னும் பவுலின் கருத்து இங்குக் கதையமைப்பாகவே மாறியுள்ளது எனலாம். முடிசூட்டல் விண்ணகத்தில் நிகழ்வதால் மண்ணுலகின் நிலை பற்றிய வினா இங்கும் முழுமையாகத் தீரவில்லை என்பதையும் மறைத்தற்கில்லை.

தங்கவயலிலிருந்து

1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் நடத்திய தங்கவயல் சுரங்கங்களில், வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர், பெரும்பாலும் தலித் மக்கள், உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கொண்டது. பாறை வெடிப்புகள் உயிர்களைப் பறித்தன. கற்துகள் நுரையீரலைத் தின்றது. இவ்வூரே அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' (1907–1914) இதழுக்கு வலுவான வாசகர் தளமாகவும் இருந்தது. மாரிக்குப்பத்தில் பௌத்தம் தழைத்தது. இம்மண்ணின் இழிவினின்று விடுதலை எங்கே என்னும் வினா அங்கே கிறித்தவத்தின் முன்னும் நின்றது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நாள்தோறும் மண்ணுக்குள் இறங்கி மீண்டும் மேலேறிய மக்களுக்கு, விதையும் நிலமும் பற்றிய பவுலின் உவமை வெறும் அணியாகாது. மூச்சிழந்த தொழிலாளியின் குடும்பத்தினரிடம், ஆன்மா மட்டும் கரையேறியது என்பது பாதி ஆறுதலே. அந்த நுரையீரலும் அந்தக் கைகளும் இறைவனால் மறக்கப்படவில்லை என்று கூறுவதே உயிர்ப்பு நம்பிக்கை. தழும்போடு எழுந்த உடல், இழைக்கப்பட்ட தீங்கிற்குச் சான்றாகவும் நிற்கிறது. ஆகவே, இந்நம்பிக்கை தீங்கை மறக்கச் செய்யும் மருந்தாகாது.

முடிவுரை

சிலுவையை அளவுகோலாகக் கொள்ளும் திறனாய்வு யாத்திரிகத்தின் உருக்கத்தை நன்கு உணர்த்தியுள்ளது. தேம்பாவணியின் நிறைவைப் போதிய அளவு நோக்கவில்லை. உயிர்ப்பை அளவுகோலாகக் கொண்டால், உழைக்கும் உடலைக் காப்பியத் தலைமைக்கு உயர்த்திய முனிவரின் துணிவு புலப்படும். உடல் மதிப்பிழந்த இடத்தில் மீட்பு என்னும் சொல்லும் பொருளிழக்கும். தங்கவயலின் கல்லறைத் தோட்டங்கள் தமிழ்க் கிறித்தவத் திறனாய்வுக்கு உணர்த்தும் பாடம் இதுவே.