எழுபது நிமிடப் பேச்சும் வாய் திறக்காத பின்வரிசையும்

ஹொக்கிப் பயிற்றுவிப்பாளர் என்றதும் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருபவர் ‘சக் தே இந்தியா’ படத்தின் கபீர் கான்தான். 2007இல் வந்த படம். எழுபது நிமிடங்களைப் பற்றி அவர் பேசும் பேச்சு இன்றும் கைத்தொலைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியில் இந்தியப் பெண்கள் அவுஸ்திரேலியாவை 1-0 என வென்றபோது, பயிற்றுவிப்பாளர் ஷோர்ட் மரைனை ஷாருக் கான், முன்னாள் பயிற்றுவிப்பாளர் கபீர் கான் என்று ஒப்பமிட்டு வாழ்த்தினார். அதை எல்லோரும் ரசித்தோம். ஆனால் நம் பக்கத்துப் பரிசளிப்பு மேடைகளில் அந்தப் படமே ஆதாரமாகிவிட்டது. பயிற்றுவிப்பாளர் என்றால் பேச்சால் உலுக்க வேண்டும், தேவைப்பட்டால் ஏசித் தீர்க்க வேண்டும், அந்தக் காலத்துச் சேர்மார் அப்படித்தான் எங்களை ஆளாக்கினார்கள் என்கிறார்கள். இந்த வாதம் பிழை. நெடுங்காலமாக அப்படித்தான் நினைத்து வருகிறேன்.

அதட்டலுக்கும் ஒரு வேலை உண்டு. பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஸ்டிக் பிடிப்பதை விவாதித்துக் கற்பிக்க முடியாது. பாடசாலை விட்ட பிறகு மழையிலும் பனியிலும் நின்று, கைக்காசைச் செலவழித்து அணியைக் கட்டிக் காக்கும் ஆசிரியர்களை நான் அறிவேன். கண்டிப்பு இல்லாவிட்டால் பாதிப் பேர் பயிற்சிக்கே வரமாட்டார்கள் என்பதும் உண்மை.

ஆனால் ஹொக்கி எப்படிப்பட்ட ஆட்டம்? மைதானத்தின் நீளம் 91 மீற்றருக்குச் சற்று அதிகம், அகலம் 55 மீற்றர். மறுகரையில் ஓடும் பிள்ளைக்கு இந்தக் கரையிலிருந்து கத்துவது கேட்பதற்குள் பந்து கைமாறிவிடும். கபீர் கானின் எழுபது நிமிடமும் இப்போது இல்லை. 2014இலிருந்து சர்வதேசப் போட்டிகள் பதினைந்து நிமிடப் பகுதிகள் நான்காகப் பிரிந்துவிட்டன. முதல் இடைவேளையும் மூன்றாவதும் வெறும் இரண்டு நிமிடம். தண்ணீர் குடித்து மூச்சு வாங்கவே ஒரு நிமிடம் போய்விடும். பெனல்டி கோர்னர் என்றால் நிலைமை இன்னும் நெருக்கடி. கோல் காப்பாளரும் நால்வரும் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். யார் முதலில் பாய்வது, யார் கம்பத்தைக் காப்பது என்பதை அவர்கள்தான் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். வெளியே இருப்பவர் அங்கே எதுவும் செய்ய முடியாது.

2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் காலிறுதியில் பிரித்தானியாவுக்கு எதிராக 17ஆவது நிமிடத்தில் இந்தியப் பின்வரிசை வீரர் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். மீதி நாற்பது நிமிடத்துக்கு மேல் இந்தியா பத்துப் பேருடன் ஆடியது. ஆட்டம் 1-1 என முடிந்து, ஷூட் அவுட்டில் 4-2 என வென்றது. பின்வரிசையின் தூண் ஒன்று இல்லாமலே அந்த வரிசை ஒவ்வொரு தாக்குதலுக்கும் இடம் மாறி மாறி நின்றது. பின்னாலிருந்து கோல் காப்பாளர் ஸ்ரீஜேஷின் குரல் ஓயவில்லை. ஒருவருக்கொருவர் சொல்லிப் பழகியிராத அணி அன்று பத்து நிமிடம்கூடத் தாங்கியிருக்காது.

நம் வலயமட்டப் போட்டியொன்றில் பார்த்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பயிற்றுவிப்பாளர் கோட்டோரமாக ஓடி ஓடி, ஒவ்வோர் அடிக்கும் கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். வலப் பின்வரிசையில் பதினைந்து வயதுப் பிள்ளை. தோழியின் முதுகுக்குப் பின்னால் எதிரணிப் பெண்ணொருத்தி தனியாக நிற்பதை அவள் கண்டாள். இரண்டு முறை அந்தப் பக்கம் திரும்பியதை நானே பார்த்தேன். தோழியைக் கூப்பிடவில்லை. சேரைப் பார்த்தாள். அவர் வேறொருத்தியை ஏசிக்கொண்டிருந்தார். பந்து வந்தது, கோல் விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நாங்க பேசினா சேர் ஏசுவாரு” என்றாள்.

அந்தக் கோலுக்கும் அவளே ஏச்சு வாங்கினாள்.

இறம்பொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் வளரும் பிள்ளைக்கு இது புதிதல்ல. வேலைக்கு ஆள் பிரிக்கும் விடியற்காலைப் பெரட்டில் அம்மா கட்டளை கேட்டுத் தலையாட்டுவதையும், மலையில் அவர் மீது கங்காணியின் அதட்டல் விழுவதையும் கண்டே வளர்கிறாள். வகுப்பறையிலும் கேள்வி கேட்டால் அடக்கமில்லை என்பார்கள். நாள் முழுவதும் மூடியிருக்கும் வாய் திறக்கக்கூடிய இடம் மைதானம் ஒன்றுதான். அங்கேயும் கோட்டோரத்தில் ஒரு கங்காணி நின்றால் அவள் எங்கே போவாள்? கண்ணால் கண்டதைச் சொல்லப் பயப்படும்படி ஒரு பிள்ளையைப் பழக்குவதைப் பயிற்சி என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

கண்டிப்பை விட்டால் வெற்றி வராது என்போருக்கு ரிக் சார்ல்ஸ்வர்த்தைச் சொல்வேன். அவுஸ்திரேலியப் பெண்கள் அணி 1996, 2000 ஒலிம்பிக் தங்கங்களையும் 1994, 1998 உலகக் கிண்ணங்களையும் வென்றது அவருக்குக் கீழே. மென்மையானவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. அந்த மனிதர்தான் நிரந்தரத் தலைவி ஒருத்தி என்ற முறையை எடுத்துவிட்டுப் பொறுப்பைப் பலரிடம் பகிர்ந்தார். களத்தில் எல்லோருமே முடிவெடுக்கப் பழக வேண்டும் என்பதே அவர் எண்ணம். மரைனையும் கவனியுங்கள். டோக்கியோவில் அவரது அணி முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது: 1-5, 0-2, 1-4. நம் ஊரில் என்றால் பிள்ளைகளின் குலமே இழுக்கப்பட்டிருக்கும். அவர் ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார். நடந்ததை விட்டு இந்தக் கணத்தில் நிற்பது பற்றிய படம் அது என்று பிற்பாடு சொன்னார். ஷாருக் கான் வாழ்த்திய வெற்றிக்கு முந்திய கதை இதுதான்.

மொழியும் இதில் சேர்கிறது. மத்திய மாகாணத்தில் ஹொக்கி என்றால் மாத்தளை, கண்டி. அந்தப் பக்கத்துத் தெரிவுப் பயிற்சிகளுக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளைக்குக் கட்டளை சிங்களத்தில் வருகிறது. பாதி புரியும், முழுவதற்கும் தலையாட்டுவாள். பிறகு இடம் தவறி நின்றால் ஆட்ட அறிவு போதாது என்று குறிக்கப்படுகிறாள். மணிப்பூர், மிஸோரம், ஒடிசா, ஹரியானா என்று திசைக்கொரு மொழி பேசும் பெண்களை நெதர்லாந்துக்காரரான மரைன் அரையிறுதிவரை கொண்டுபோனார். ஆகவே மொழி வேறு என்பது சாக்காகாது. சொன்னதைத் திருப்பிச் சொல் என்று ஒரு முறை கேட்டால் போதும், எது போய்ச் சேரவில்லை என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும். இடைவேளையின் முதல் நிமிடத்தைப் பிள்ளைகளிடம் விட்டு, என்ன கண்டீர்கள் என்று கேட்க ஒரு ரூபாயும் செலவில்லை, புல்தரையும் தேவையில்லை. அடுத்த பருவத்துக்குப் பயிற்றுவிப்பாளர்களை நியமிக்கும் அதிபர்கள் அவர்கள் வென்ற கிண்ணங்களை மட்டும் பார்க்க வேண்டாம். பயிற்சி நடக்கும் ஒரு மாலையில் மைதானத்துக்குப் போய், அங்கே பிள்ளைகளின் குரல் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்பமிடட்டும்.